மழைக்குக் கட்சி கிடையாது: ராஜபாளையம் மேப்பில் நாலு வருஷ கேம்பெயின்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோடுல கெஸ்ட் கிடையாது, நான் மட்டும்தான். ரொம்ப நாளா மெயில்லயும் டிஎம்லயும் ஒரே கேள்வி வந்துக்கிட்டே இருக்கு: "ப்ரோ, நாங்க ஆரம்பிச்ச கேம்பெயின் நாலாவது செஷன்லயே படுத்துருச்சு. நீங்க எப்படி நாலு வருஷமா ஒரே கேமை ஓட்டுறீங்க?" இன்னைக்கு அதுக்கான பதில்.

புதுசா கேக்குறவங்களுக்கு ஒரு நிமிஷ விளக்கம். டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம்னா, அஞ்சாறு பேர் உக்காந்து சேர்ந்து கதை சொல்ற விளையாட்டு. ஆளுக்கு ஒரு கேரக்டர். ஒருத்தர் மட்டும் கேம் மாஸ்டர், சுருக்கமா ஜி.எம். உலகம், வானிலை, எதிரி, டீக்கடைக்காரர், எல்லாமே அவர்தான். முடிவு தெரியாத இடத்துல டைஸ் உருட்டுவோம். இதுல ரொம்பப் பிரபலமானது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டு வந்தது. ஒரே ராத்திரியில முடிஞ்சா ஒன்ஷாட். மாசக்கணக்குல, வருஷக்கணக்குல ஓடுனா கேம்பெயின். அந்த வார்த்தைக்கு அர்த்தமே படையெடுப்புதான். ஏன்னா இந்த விளையாட்டு பிறந்ததே போர் விளையாட்டுல இருந்து.

அந்தப் போர் விளையாட்டோட பூர்வீகம் பிரஷ்யா. 1824ல ரைஸ்விட்ஸ்னு ஒரு ராணுவ அதிகாரி, ஆபீசர்களுக்குப் பயிற்சி கொடுக்க கிரீக்ஸ்ஷ்பீல்னு ஒரு விளையாட்டை எழுதி வெளியிட்டார். ரெண்டு பக்கமும் ஆளுங்க, நடுவுல ஒரு அம்பயர். யார் படை எங்க இருக்கு, சேத்துல மாட்டுச்சா, எதிரியோட கண்ணுல பட்டுச்சா, இதெல்லாம் அம்பயர் சொல்லணும். அவர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. இன்னைக்கு ஜி.எம்னு சொல்றோமே, அது அந்த அம்பயரோட பேரப்புள்ளை.

நான் சொல்ல வர்ற விஷயம் இங்கதான் இருக்கு. நீண்ட கேம்பெயினைக் கொல்றது டிராகன் இல்ல. "ஜி.எம் யாருக்கோ சப்போர்ட் பண்றான்"ங்கிற சந்தேகம்தான் கொல்லுது. பத்து செஷன் வரைக்கும் நட்பு தாங்கும். எண்பதாவது செஷன்ல, ரெண்டு வருஷமா வளர்த்த கேரக்டர் சாகுற இடத்துல, ஃப்ரெண்டு முகத்தைப் பாத்து "சாரிடா, செத்துட்ட" அப்படினு சொல்லணும்னா, அந்த முடிவு உங்க மூளையில இருந்து வரக்கூடாது. வேற எங்கிருந்தாவது வரணும். என் அனுபவத்துல அது மண்ணுல இருந்து வரணும். தூரம், தண்ணி, தானியம், மழை. இந்த நாலுக்கும் கட்சி கிடையாது.

மேப் எங்க கிடைச்சுது?

எல்லாரும் முதல்ல பண்ற வேலை, ஒரு கண்டத்தை வரையுறது. வடக்க பனி, தெக்க பாலைவனம், நடுவுல ஒரு பேரரசு, 3,000 வருஷ வரலாறு. டேபிள்ல அதை யாருமே படிக்க மாட்டாங்க. நான் எங்க ஊர் மேப்பை எடுத்துக்கிட்டேன். மதுரையில இருந்து தென்காசி வரைக்கும். மேற்கால மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிக்குது. அடிவாரத்தை ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர்னு ஊர் ஊரா தெற்க போகுது. மலைப்பக்கம் செம்மண், கிழக்க போகப்போக கரிசல். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. இவ்வளவுதான் எங்க உலகம். நாலு வருஷமா இதைத் தாண்டிப் போகவே இல்ல.

பேரெல்லாம் மாத்திட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் எங்க கேம்ல கோபுரத்தூர். ராஜபாளையம் நாய்ப்பாளையம். ராஜபாளையத்துக்காரங்க சண்டைக்கு வராதீங்க, பாசத்துல வெச்ச பேருதான். 2005ல இந்திய நாய் இனங்களுக்கு தபால்தலை போட்டப்போ நாலு இனத்துல ஒண்ணு நம்ம ராஜபாளையம் நாய். பாளையக்காரர் போர்கள்ல இதைப் பழக்கி விட்டாங்கனு நம்ம பக்கம் சொல்லுவாங்க. அந்த வெள்ளை நாய்ல காது கேக்காமலே பிறக்குற குட்டிகள் உண்டு. எங்க கேம்ல காவல் நாய் வாங்குனா டைஸ் உருட்டணும். ஆறுல 1 விழுந்தா அதுக்குக் காது கேக்காது. ஆனா அது பிளேயருக்கு உடனே தெரியாது. ஒருநாள் ராத்திரி திருடன் வரும்போதுதான் தெரியும்.

ராஜபாளையம்ங்கிற பேருலயே பாளையம் இருக்கு பாருங்க. பாளையம்னா படை தங்குற இடம். 16ஆம் நூற்றாண்டுல மதுரையில விஸ்வநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையமா பிரிச்சாங்கனு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். ஒவ்வொரு பாளையக்காரரும் வரி வசூலிக்கணும், காவல் பாக்கணும், மேல இருந்து ஓலை வந்தா ஆள் அனுப்பணும். கேம் டிசைன் கண்ணோட பாத்தா இது ஒரு தங்கச் சுரங்கம். ஒரு பேரரசர் இருந்தா கதை அவர் அரண்மனையிலேயே சுத்தும். 72 சின்ன அதிகாரம் இருந்தா, 20 கிலோமீட்டருக்கு ஒரு புது கதை, புது கோபம், புது கல்யாணம்.

ஒரு நாள் நடை

ஐந்தாம் பதிப்பு டி அண்ட் டி ரூல்படி சாதாரண வேகத்துல நடந்தா ஒரு நாளைக்கு 24 மைல், அதாவது சுமார் 38 கிலோமீட்டர். அதை எழுதினவங்க மே மாசம் சாத்தூர் ரோட்டுல நடந்து பாக்கல. எங்க டேபிள்ல 24 கிலோமீட்டர்தான். மேப் முழுக்க ஆறு பக்கக் கட்டம், ஒரு கட்டம் 6 கிலோமீட்டர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல ரெண்டு கட்டம். மதுரை பன்னெண்டு, பதிமூணு கட்டம். சின்ன குழு ஒரு நாளைக்கு நாலு கட்டம் நடக்கும். படை ரெண்டு கட்டம். கனமான பீரங்கி இழுத்துட்டுப் போனா ஒரே ஒரு கட்டம்.

வழி தெரியணும்ல? அதுக்கு கோபுரம். ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடினு சொல்லுவாங்க. இஞ்சினியரிங் படிச்சதுக்கு ஒரு பிரயோஜனம் வேணாமா, கணக்குப் போட்டேன். பூமியோட வளைவை மட்டும் வெச்சுப் பாத்தா, சமதரையில நிக்கிற ஆளுக்கு 30 கிலோமீட்டர் தாண்டியும் உச்சி தெரியணும். மரம், தூசி, மேடுபள்ளம் எல்லாம் கழிச்சு எங்க கேம்ல மூணு கட்டம்னு வெச்சுக்கிட்டோம். மூணு கட்டத்துக்குள்ள இருந்தா வழி தவறாது, டைஸ் தேவையில்ல. அதைத் தாண்டுனா உருட்டணும். ஒரு சின்ன ரூல்தான், ஆனா பிளேயர்ஸ் நாலு வருஷமா "கோபுரம் தெரியுதா?" அப்படினு கேட்டுட்டுதான் பாதையை முடிவு பண்றாங்க. அந்தக் காலத்துல வழிப்போக்கர்களும் அப்படித்தானே நடந்திருப்பாங்க.

மலைப்பக்கம் போனா வேற கணக்கு. செண்பகத்தோப்புக் காட்டுல யானை உண்டு, சாம்பல் நிற மலை அணில் உண்டு. அந்த அணிலுக்காகவே 1988ல ஒரு சரணாலயம் வந்துச்சு. 2021ல மேகமலையோட சேத்து புலிகள் காப்பகம் ஆயிடுச்சு. கேம்ல அணில் கத்துனா பக்கத்துல ஏதோ பெருசா வருதுனு அர்த்தம். சதுரகிரிக்கு பல வருஷமா அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாட்கள்லதான் ஏற விட்டாங்க இல்லையா? அதை அப்படியே எடுத்து, எங்க மலைவழி மாசத்துக்கு ரெண்டு தடவைதான் திறக்கும்னு வெச்சேன். உடனே பிளேயர்ஸ் நிலா பாத்து பிளான் போட ஆரம்பிச்சுட்டாங்க. நான் எதுவும் சொல்லல, காலண்டர் சொல்லிருச்சு.

இன்னொண்ணு, இதைக் கண்டிப்பா திருடிக்கோங்க. எல்லா கேம்லயும் காயம் ஆறுறதுக்கு ஒரு மருந்து பாட்டில் இருக்கும். எங்க கேம்ல பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல புவிசார் குறியீடே கிடைச்சிருச்சு, சிரிக்காதீங்க. ஆனா பால்கோவா கெட்டுப்போகும். எங்க ரூல், ஏழு நாள். அதனால இருபது பால்கோவா வாங்கி மூட்டையில பதுக்கி வைக்க முடியாது. ஊரை விட்டு எவ்வளவு தள்ளிப் போறீங்களோ அவ்வளவு ஆபத்து. தூரத்துக்கு பயம் வந்துருச்சு.

படைன்னா முதல்ல சோறு

இப்ப படை. சினிமாவுல ராஜா கையைத் தூக்குவார், ஆயிரக்கணக்குல குதிரை ஓடும். அந்தக் குதிரை காலையில என்ன தின்னுச்சு?

எங்க டேபிள் ரூல் சொல்றேன். இது விளையாட்டுக்காக நாங்க வெச்ச எண்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ தானியம். ஒரு சிப்பாய்க்கு கூட ரெண்டு பேர் வருவாங்க: சமைக்கிறவங்க, மாடு ஓட்டுறவங்க, கொல்லர், குடும்பம். ஒரு பொதி மாடு 100 கிலோ சுமக்கும். இப்ப 2,000 சிப்பாய் கிளம்புறாங்க. மொத்தம் 6,000 வாய். ஒரு நாளைக்கு 4,500 கிலோ. அதாவது 45 மாடு. பத்து நாள் பயணம்னா 450 மாடு. அந்த மாட்டுக்குப் புல், தண்ணி. ஆகவே படை போற பாதை கண்மாய்ல இருந்து கண்மாய்க்குத்தான் போகும், நேர்கோட்டுல போகாது.

இந்த ரூலைக் கொண்டு வந்ததும் எங்க டேபிள்ல ஒரு புரட்சி நடந்துச்சு. அதுவரைக்கும் கணக்குப்பிள்ளை கேரக்டர் ஆடுன ஃப்ரெண்டை எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. வாள் கிடையாது, மந்திரம் கிடையாது, ஓலைச்சுவடியும் எழுத்தாணியும்தான். இப்ப அவரைக் கேக்காம தளபதி ஒரு அடி வைக்க முடியாது. "அண்ணே, இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?" "ஒன்பது நாள் வரும். எட்டாவது நாள் சண்டை வெச்சுக்கோ."

இது கற்பனை இல்ல மக்களே, நம்ம மண்ணுல நடந்தது. 1755ல கம்பெனியோட கர்னல் ஹெரான், நவாபோட சகோதரர் மாபூஸ்கான் கூட சேர்ந்து தெற்க வரி வசூலிக்க வர்றார். நெற்கட்டும்செவல்ல புலித்தேவர் கட்ட மாட்டேன்னு நிக்கிறார். ஹெரான் கோட்டையைப் பிடிக்கல. காரணம் என்னனு பாருங்க: பீரங்கி இல்ல, உணவு இல்ல, சிப்பாய்க்குக் கொடுக்க சம்பளம் இல்ல. மதுரைக்குத் திரும்பிட்டார். அவரை வேலையை விட்டே தூக்கிட்டாங்க.

அடுத்து யூசுப்கான் வர்றார். மருதநாயகம்னு சொன்னா உடனே தெரியும். 1997ல பிரிட்டிஷ் ராணி முன்னால பூஜை போட்ட படம். கேம்பெயின் நின்னு போறதைப் பத்திப் பேசுறோம்ல, இதுதான் உலகத்துலயே பெரிய உதாரணம். செஷன் ஒண்ணோட நிக்குது.

யூசுப்கான் திறமையான தளபதி. ஆனா அவரும் காத்திருக்கார். எதுக்கு? திருச்சிராப்பள்ளியில இருந்து பெரிய பீரங்கிகள் வரணும். கம்பெனிக்கு வேற பக்கம் சண்டை, அதனால தாமதம். 1760 செப்டம்பர்லதான் பீரங்கி வந்து சேருது. நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்னு மூணு கோட்டையும் அவர் கைக்குப் போனது 1761 மே 16. இந்த ரெண்டு தேதியையும் காலண்டர்ல வெச்சுப் பாருங்க. நடுவுல ஒரு முழு வடகிழக்குப் பருவமழை இருக்கு. கரிசல்ல மழை பெஞ்சா என்ன ஆகும்னு அந்தப் பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும். செருப்பை மண்ணு பிடுங்கிக்கும். அதுல பீரங்கி வண்டியை இழுக்கணும்னா யோசிச்சுப் பாருங்க.

எங்க கட்டக் கணக்குல திருச்சியில இருந்து நெற்கட்டும்செவல் சுமார் 250 கிலோமீட்டர், 42 கட்டம். ஒரு நாளைக்கு ஒரு கட்டம்னா 42 நாள். அந்த 42 நாளும் பிளேயர்ஸுக்கு விளையாட்டு. மாட்டை ஓட்டிட்டுப் போகலாமா? பாதையில இருக்கிற கிணறைத் தூர்க்கலாமா? பக்கத்து பாளையத்துக்குத் தூது விடலாமா? ஒரு பீரங்கி கிளம்பிருச்சுங்கிற ஒரே செய்தியில ஆறு மாசம் செஷன் ஓடும்.

தூதுன்னதும் இன்னொண்ணு. புலித்தேவர் பாளையக்காரர்களைச் சேத்து ஒரு கூட்டமைப்பு அமைச்சார். களக்காட்டுச் சண்டையில திருவிதாங்கூர்ல இருந்து 2,000 பேர் அவர் பக்கம் வந்தாங்க. ஆனா ரொம்பப் பக்கத்துல இருக்கிற சிவகிரி சேரல. எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி சேரல. மலை தாண்டி உதவி வருது, பக்கத்து ஊர்ல இருந்து வரல. இதை ஒரு ஜி.எம் யோசிச்சு எழுதுனா "லாஜிக் இல்ல"ம்பாங்க. வரலாறு எழுதிருக்கு.

பேரை ஏன் மாத்துனேன்?

இப்ப நீங்க கேப்பீங்க: "இவ்வளவு நல்ல கதை இருக்கே, புலித்தேவரையே நேரா கேம்ல வைக்கலாமே?" நிறைய பேர் கேட்டுட்டீங்க. நேராவே சொல்றேன்.

எங்க டேபிள்ல அஞ்சு பேர். சென்னையில ரெண்டு, பெங்களூருல ரெண்டு, ஒருத்தர் அயர்லாந்துல. டிஸ்கார்டுல ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆனா எல்லாருக்கும் சொந்த ஊர் இந்த மேப்புக்குள்ளதான். புலித்தேவர், அவரோட தளபதிகள் ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி, இவங்க எல்லாரும் நம்ம பக்கம் வெறும் பாடப்புத்தகப் பேர் இல்ல. ஒவ்வொரு பேருக்கும் பின்னால இன்னைக்கு வாழுற மக்கள் இருக்காங்க, அவங்க மரியாதை இருக்கு, ரொம்ப நாள் கேக்கப்படாம இருந்த ஒரு குரல் இருக்கு. ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1 புலித்தேவர் பிறந்தநாள். அந்த வாரங்கள்ல தென்காசி மாவட்டத்துல தடை உத்தரவு போட்ட வருஷங்கள் பல. அஞ்சலி செலுத்துறதுக்கே போலீஸ் பந்தோபஸ்து.

எங்க அஞ்சு பேரும் ஒரே சமூகம் இல்ல. யாருக்கு எது தாத்தா காலத்துக் காயம்னு எனக்கு முழுசா தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. டைஸ் உருட்டுற விளையாட்டுல யார் வேணா சாகலாம். 1 விழுந்தா பெரிய வீரன் கேவலமா வழுக்கி விழுந்து சாகலாம். சாகவே மாட்டார்னு முன்கூட்டியே முடிவு பண்ணுனா அது விளையாட்டு இல்ல. சாகலாம்னு விட்டா, அந்த டைஸை உருட்டுற உரிமை என்கிட்ட இல்ல.

அதனால முதல் செஷனுக்கு முன்னாடியே உக்காந்து மூணு விஷயம் பேசி முடிச்சோம். நிஜமான மனுஷங்க பேர் கிடையாது. ஜாதிப் பேர் கிடையாது, கேரக்டருக்கும் கிடையாது, எதிரிக்கும் கிடையாது. மூணாவது, "எங்க முன்னோர்"ங்கிற வாதம் டேபிளுக்கு வரக்கூடாது. மலையும் கண்மாயும் கரிசலும் அப்படியே நிஜம். மனுஷங்க மட்டும் கற்பனை.

"அப்ப வரலாற்றுல இருந்து தப்பிச்சு ஓடுறீங்களா?" அப்படின்னும் ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் பதில், எங்க உலகத்துல அதிகாரம் இருக்கு, அநியாயமான வரி இருக்கு, கிணத்துல யார் தண்ணி எடுக்கலாம்ங்கிற சண்டை கூட வந்திருக்கு. எங்களுக்கு வேண்டாதது ஒண்ணுதான்: ஏற்கெனவே யார் ஜெயிக்கணும்னு தீர்ப்பு எழுதி வெச்ச கதை. மழைக்குக் கட்சி இல்லைன்னு சொன்னேனே, அது இதுக்காகத்தான்.

கண்மாய் செஷன்

இப்ப அந்த செஷன். இதைச் சொல்லாம விட்டா எங்க டேபிள்காரங்களே என்னை விட மாட்டாங்க.

கேம்ல அக்டோபர் கடைசி. ரெண்டு வருஷமா, அதாவது நிஜத்துல ரெண்டு வருஷமா, பிளேயர்ஸ் மேற்கு அடிவாரத்துல ஒரு மண் கோட்டை கட்டிருக்காங்க. எதிரியோட பீரங்கி மூணு கட்டம் தள்ளி நிக்குது. உதவிக்கு வர்ற படை மலை தாண்டி வருது, வந்து சேர பன்னெண்டு நாள் ஆகும். பீரங்கி வர்ற பாதை ஒரு கண்மாயோட ஆயக்கட்டு வழியா போகுது. கண்மாய் நிறைஞ்சு மறுகால் போகுது. கரையை வெட்டி விட்டா அந்தக் கரிசல் பூரா சேறு. எங்க ரூல்படி பீரங்கி பத்து நாள் நகராது. அப்புறம் மூணு கட்டம், மூணு நாள். மொத்தம் பதிமூணு. உதவிப் படை முந்திரும். கோட்டை பிழைச்சிரும்.

ஆனா அந்தக் கண்மாயை நம்பி 340 பேர் இருக்கிற ஒரு ஊர் இருக்கு. அந்த ஊர்தான் ரெண்டு வருஷமா இவங்களுக்குச் சோறு போட்டுச்சு.

தளபதி ஆடுற ஃப்ரெண்டு "வெட்டலாம்"னு சொன்னா. வேவுக்காரன் வேண்டாம்னான். அரை மணி நேரம் சண்டை. அப்ப எங்க டேபிள்ல ஒருத்தனோட அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் விவசாயி, பக்கத்து ரூம்ல இருந்தார். அவன் ஹெட்போனைக் கழட்டிட்டுக் கேட்டான்: "அப்பா, கண்மாய்க் கரையை வெட்டுனா என்னப்பா ஆகும்?" அவர் எங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னார்: "வெட்டுறதுக்கு ஒரு ராத்திரி போதும் தம்பி. திருப்பிக் கட்ட கோடை பூரா ஊரே மண்ணு சுமக்கணும். அதுவரைக்கும் அவங்க சாப்பாட்டுக்கு எங்க போவாங்க?"

டிஸ்கார்டு அமைதியாயிருச்சு. அப்ப கணக்குப்பிள்ளை மெதுவா கணக்கைச் சொன்னார். 340 பேர், ஆளுக்கு முக்கால் கிலோ, ஒரு நாளைக்கு 255 கிலோ. அடுத்த அறுவடை வரைக்கும் எட்டு மாசம், 240 நாள். மொத்தம் 61,200 கிலோ. "நம்ம களஞ்சியத்துல இருக்கிறது 38,000."

அவங்க கரையை வெட்டல. ஊர்க்காரங்ககிட்ட பேசி, மடையை மட்டும் திறந்து பாதையில தண்ணி விட்டாங்க. ஊர் சும்மா ஒத்துக்கல. களஞ்சியத்துல மூணுல ஒரு பங்கு கேட்டுச்சு. தளபதியோட குடும்பம் இங்கயே தங்கணும்னும் கேட்டுச்சு. தந்தாங்க. மடைத் தண்ணிக்கு சேறு அஞ்சு நாள்தான். மழை பெஞ்சா இன்னும் நீளும். அக்டோபர்ல எங்க மழை ரூல் ரொம்ப எளிசு: ஒரு நாளைக்கு ஒரு டைஸ், 1, 2, 3 விழுந்தா மழை. எல்லார் கண்ணு முன்னாடியும் உருட்டுனேன். 4, 6, 5, 4, 6. அஞ்சு நாளும் ஒரு சொட்டு இல்ல.

எட்டாவது நாள் பீரங்கி வந்துச்சு. சுவர் மூணு நாள் தாங்குச்சு. பதினொண்ணாவது நாள் விழுந்துச்சு. உதவிப் படை பன்னெண்டாவது நாள் வந்துச்சு.

ரெண்டு வருஷக் கோட்டை, ஒரு நாள் தாமதத்துல போயிருச்சு. தளபதி கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் சொன்னா: "சரி, கோட்டை போச்சு. ஊர் இருக்குல்ல. அங்க இருந்து ஆரம்பிப்போம்." அந்த ஊர்ல இருந்துதான் அடுத்த ஒண்ணரை வருஷமும் ஓடிட்டிருக்கு. யாரும் என்கிட்ட கோவிச்சுக்கல. கோவிச்சுக்க என்ன இருக்கு? தூரம் மேப்ல இருந்துச்சு, தானியம் கணக்குல இருந்துச்சு, டைஸ் கண்ணு முன்னாடி விழுந்துச்சு. விலையை மட்டும் அவங்களே தேர்ந்தெடுத்தாங்க.

ஆரம்பிக்கிறவங்களுக்கு

சுருக்கமா சொல்லிடறேன். உங்க ஊரைச் சுத்தி 60 கிலோமீட்டர் மேப் எடுத்துக்கோங்க. அதுக்கு மேல வேண்டாம். 6 கிலோமீட்டர் கட்டம் போடுங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்க: இங்க தண்ணி எங்க இருக்கு? ராஜாவோட பேர் அப்புறம் பாத்துக்கலாம்.

ஒரு காலண்டர் வைங்க. ஆடிக்காத்து, ஐப்பசி மழை, தை அறுவடை, பங்குனி வெயில். ஒவ்வொரு செஷன் முடிவுலயும் தேதியைச் சொல்லுங்க. ஒரு எக்செல் ஷீட் போதும், ஆப் எல்லாம் வேண்டாம். மென்பொருள் எழுதுறவன் சொல்றேன், நம்புங்க.

உலகத்துக்கு வார்த்தை வேணும்னா கி.ராஜநாராயணனைப் படிங்க. தெலுங்கு நாட்டுல இருந்து தெற்க வந்து காட்டைத் திருத்திக் குடியேறுன கூட்டத்தோட கதைதான் கோபல்ல கிராமம், 1976ல வந்தது. வேர்ல்ட் பில்டிங் கிளாஸே தேவையில்ல. கரிசல் வட்டாரச் சொல்லுக்குனு ஒரு அகராதியே தொகுத்திருக்கார். எங்க டேபிள்ல பாதி வார்த்தை அங்க இருந்து வந்ததுதான்.

கடைசியா, வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு விஷயம் கேளுங்க: பஸ் வர்றதுக்கு முன்னாடி பக்கத்து ஊருக்கு எப்படிப் போவீங்க, எங்க நிப்பீங்க, கட்டுச்சோறு என்ன? ரெண்டு செஷனுக்கு மேட்டர் கிடைக்கும்.

எங்க கட்ட மேப்பையும் தானிய ஷீட்டையும் கேட்டு நிறைய மெயில் வந்திருக்கு. எபிசோடு பக்கத்துலயே போட்டிருக்கேன், எடுத்துக்கோங்க, மாத்திக்கோங்க. உங்க ஊர் மேப்ல என்ன நடந்துச்சுனு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல கெஸ்ட் உண்டு: எங்க கணக்குப்பிள்ளையே வர்றார். பால்கோவா ஏழு நாளா, பத்து நாளாங்கிற சண்டையை அங்க முடிச்சுக்குறோம். அதுவரைக்கும் நல்லா உருட்டுங்க மக்களே. வணக்கம்.